உள்ளிருந்து தட்டும் விரல்

உச்சி வெயிலில் அந்தப் பழைய பாய்மரக் கப்பல் மணல்மேல் முட்டுக்கட்டைகளின் தயவில் நிற்கிறது. பேருக்குக்கூடக் காற்று இல்லை. எண்ணெயில் ஊறிய பஞ்சுத்திரியைப் பலகை இடுக்குகளில் உளியால் திணித்துக்கொண்டிருக்கிறார் ஆசாரி. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். இருட்டான கப்பல் வயிற்றுக்குள் அதன் சொந்தக்காரர் நின்று, வெளிச்சம் கசியும் இடமாகப் பார்த்து விரலால் தட்ட, வெளியே ஆசாரி அந்த இடத்தை அடைப்பார். முதலில் இப்போதைய சொந்தக்காரியின் மாமனார் தட்டினார், பிறகு அவள் புருஷனின் அண்ணன், கடைசியில் புருஷன். மூவரையும் கடலில் விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் கப்பல் மட்டும் ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்துவிட்டது. நாளைக்கு அதில் கொழுந்தன் கிளம்புகிறான். இன்று உள்ளிருந்து தட்ட வேண்டியவள் அவள்தான். மூச்சிரைக்க வந்து ஏணியில் கால் வைக்கிறாள்.

“நேரமாயிடுச்சு ஆசாரி. இதோ, உள்ள போயிடறேன்.”

ஆசாரியின் சுத்தியல் அந்தரத்தில் நிற்கிறது. காலையிலிருந்து அடைத்த இடுக்குகள் அவர் முதுகுக்குப் பின்னால் எண்ணெய் மினுங்க நீள்கின்றன. “அப்ப இவ்வளவு நேரம் தட்டினது யாரும்மா?”

உள்ளே டொக், டொக் என்கிறது. அவசரமே இல்லாத தட்டல். பலகை பலகையாக நகர்ந்து வந்து, அவள் முகத்துக்கு நேரே நிற்கிறது. அங்கே நகம் நுழையுமளவு ஓர் இடுக்கு. ஆசாரி திரியை எடுக்கிறார். அவள் இடுக்கைப் பொத்துகிறாள். உள்ளங்கையில் மெதுவாக ஒரு தட்டல் விழுகிறது.

“நாளைக்குக் கப்பல் போகாது, ஆசாரி. இத மட்டும் அடைக்காதீங்க.”