நூறு சதவீத வருகை

திருவெறும்பூர் யாழினி ஆன்லைனில் எம்.பி.ஏ. சேர்ந்தாள். பாடம் மனதில் ஒட்டவில்லை. இரண்டாவது வாரமே லேப்டாப்பை மூடி பீரோவுக்குள் வைத்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து, படிப்பை விடுவதாகச் சொல்லக் கல்லூரி அலுவலகத்துக்கு போன் செய்தாள்.

“ஏங்க விடுறீங்க? உங்க அட்டெண்டன்ஸ் நூறு சதவீதம். இப்பகூட கிளாஸ்லதானே இருக்கீங்க?” என்றாள் அங்கிருந்த பெண்.

யாழினி லேப்டாப்பைத் திறந்து வகுப்புக்குள் நுழைந்தாள். முப்பது முகங்களுக்கு நடுவே அவள் முகமும் இருந்தது. கன்னம் ஒட்டி, கண்கள் குழிவிழுந்திருந்தன. யாழினி பயந்து வாயைப் பொத்தினாள். திரையில் இருந்தவள் அசையவில்லை.

வகுப்பு முடிந்ததும் மற்ற முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்த முகம் மட்டும் போகவில்லை. திரையை நெருங்கி வந்து மெதுவாகக் கேட்டது.

“நீ மட்டும் எப்படி வெளியே போன?”