ஏழாம் பாகம்

வெல்டர் அதுவரை செய்தித்தாளைத் தவிர எதையும் படித்ததில்லை. தாடிக்காரர் அலமாரியை வெகுநேரம் துழாவி, தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"மாயாஜாலக் கதை. இதுல ஆரம்பி."

"கைக்கு அடக்கமா ஒண்ணு குடுங்கண்ணே. ராக்கெட்டு, வேற்றுக்கிரகம்னு என்னமோ சொன்னீங்களே."

"அதெல்லாம் ஒரே புத்தகத்துல முடிஞ்சிடும். இது ஏழு பாகம். ஆறுதான் வந்திருக்கு."

"ஏழாவது?"

"வருஷக்கணக்கா எழுதிட்டே இருக்காராம்."

வெல்டருக்கு எரிச்சல் வந்தது. "முடியாத கதையைப் போய் யாராவது புது ஆளுக்குக் குடுப்பாங்களா?"

"புது ஆளுக்குத்தான் குடுக்கணும்." தாடிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "உன் கருணை மனு தள்ளுபடியானா, தூக்குல போடறதுக்கு முன்னாடி கடைசி ஆசை என்னன்னு கேப்பாங்க. ஏழாம் பாகம் படிக்கணும்னு சொல்லு. கடைசி ஆசையை நிறைவேத்தாம இந்த ஜெயில்ல யாரையும் தொங்கவிட்டதில்ல. அப்படிச் சொல்லித்தான் நான் இன்னும் உன்கூடப் பேசிட்டிருக்கேன்."

வெல்டர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தீர்ப்பு வந்த பிறகு அன்றுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. காவலர் தாடிக்காரரின் முகத்தைப் பார்க்காமல், கம்பி வழியாக ஒரு பார்சலை நீட்டினார்.

"நேத்துதான் கடைக்கு வந்துச்சாம். நிதானமாவே படிங்க."

தாடிக்காரர் காகிதத்தைப் பிரித்தார். வெல்டர் எட்டிப் பார்த்தான்.

மற்ற ஆறும் தலையணை கனம். ஏழாவது, கைக்கு அடக்கமாக இருந்தது.