காற்றுக்குச் சுற்றிய மீட்டர்

“தண்ணிக்கு வழி விடணும், வழிக்கு…” என்று பழைய மேல்நிலைத் தொட்டி ஏதோ சொல்லும். மிச்சம் யாருக்கும் நினைவில்லை. இன்று அதைக் கேட்க நேரமும் இல்லை. நகராட்சிக் குழாயும் தண்ணீர்க் கம்பெனி மீட்டரும் கூட்டுச் சேர்ந்து, ஒரு வீட்டுக்கு முதன்முதலாகத் தண்ணீர் விடப்போகின்றன. அந்த வீட்டுப் பிளாஸ்டிக் குடம் காலையிலிருந்தே வாயைத் திறந்து காத்திருந்தது.

குழாய் உஸ்ஸென்று இரைந்தது. மீட்டரின் முள் விர்ரென்று சுற்றியது.

“வந்தாச்சு அக்கா! அதுக்குள்ள ரெண்டு குடம் ஓடிடுச்சு,” என்றது மீட்டர் குடத்திடம்.

“எங்க தம்பி? எனக்கு ஒரு சொட்டுகூட விழலியே.”

“அது காத்துப்பா,” என்றது குழாய். “நான் இத்தனை நாள் காலியாக் கிடந்தேன்ல? தண்ணி காத்தைத் தள்ளிக்கிட்டுத்தான் வரும்.”

குடம் பதறியது. “உன் முள்ளைப் பார்த்துத்தானே எங்க வீட்டம்மா காசு கட்டணும்? காத்துக்குமா கட்டுவா?”

“நான் சுத்தாம நின்னா, பழுதுன்னு என்னைக் கழட்டிடுவாங்க அக்கா.”

“சுத்து கூட்டாளி, சுத்து. உன்னை யார் கேட்கப் போறா?” என்று குழாய் சிரித்தது.

தூரத்தில் தண்ணீரின் சலசலப்பு கேட்டது. குடம் குதித்தே விட்டது. காற்று இன்னும் பலமாகத் தள்ளியது.

குடத்தில் முதல் சொட்டு விழும்வரை மீட்டர் தன் முள்ளை நிறுத்திவைத்தது.