குறைவாக விழுந்ததற்குக் கட்டணம்

மனைவியின் அறுவை சிகிச்சைக்காகப் பணத்தை எடுக்க முதலீட்டு ஆலோசனை அலுவலகத்துக்கு வந்திருந்தார் தணிகாசலம். ஓய்வு பெற்ற அன்று பங்குச் சந்தை ஃபண்டில் போட்ட பத்து லட்சம் ஏழுக்கும் கீழே இறங்கியிருந்தது. அறிக்கையில் ஒரே ஓர் எண்தான் ஏறியிருந்தது. அது ஆலோசனைக் கட்டணம். அதன்மேல் விரலை வைத்தார்.

"என் காசு கரைஞ்சு போச்சு. உங்க ஃபீஸ் மட்டும் எப்படிம்மா கூடுச்சு?"

ஆலோசகர் ஷைலஜா திரையை அவர் பக்கம் திருப்பினாள். "மார்க்கெட் நாப்பது சதவீதம் விழுந்துச்சு சார். நம்ம ஃபண்டு முப்பத்திரண்டுதான் விழுந்துச்சு. மார்க்கெட்டைவிட நல்லா பண்ணினா ஃபீஸ் கூடும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

கையெழுத்து அவருடையதுதான். அந்த எண்ணிலிருந்து விரலை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

மிஞ்சியதை எடுக்க எழுதிக் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்கு அவர் ஓடி வந்தபோது டாக்டர் வார்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"நாளுக்கு நாள் மோசமாயிட்டுத்தான் வருது. ஆனா இங்க இருக்கற மத்தவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தா, உங்க வீட்டம்மாவுக்கு மெதுவாத்தான் மோசமாகுது."

தணிகாசலம் சட்டைப்பையைத் தடவினார்.

"அதுக்கு எவ்வளவு கூடக் கட்டணும், டாக்டர்?"