மாதிரி அறிவித்தல்

"கதவைச் சாத்திப்போட்டுத்தான் வாசிப்பன், தம்பி. பக்கத்தில ஆரும் இருக்கப்படாது" என்றார் பவளம்.

"அப்பிடியே செய்யுங்கோ, அக்கா. நான் குசினிக்குள்ள இருக்கிறன்."

மெல்பேர்ண் புறநகரான நோபல் பார்க்கிலிருந்த அந்தச் சின்ன வீட்டுக்கு விக்னராஜா காலை பத்து மணிக்கே வந்துவிட்டார். கையில் குரல் பதிய ஒரு ரேப் ரெக்கோடர், ஒரு படிவம், நாலாக மடித்த ஒரு தாள்.

1978இல் சிட்னியில் நடக்கவிருந்த இதழியல் மாநாட்டுக்கு அமர்வுகளை முன்மொழிய அன்று மாலைதான் கடைசி. அவர் வேலை பார்த்த மெல்பேர்ண் கல்லூரிக்கு ஒரே ஓர் அமர்வுதான் கிடைக்கும். போட்டிக்கு நின்றவர்கள் இரண்டு பேர்: அவரும் சென்னையிலிருந்து வந்த பார்த்தசாரதியும். யாருடைய அமர்வு தேர்வாகிறதோ அவருக்கே நிரந்தர வேலை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பார்த்தசாரதி எடுத்துக்கொண்ட பொருள் செயற்கைக்கோள் தொலைக்காட்சி. கேட்டதும் பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். விக்னராஜாவின் பொருளோ வானொலி மரண அறிவித்தல். மூன்று பேச்சாளர்களைப் பிடித்துவிட்டார். நான்காவது ஆள் பவளம். கொழும்பில் ஒரு வானொலி நிலையத்தில் பதினெட்டு வருடம் மரண அறிவித்தல் வாசித்தவர். படிவத்தில் அவருடைய கையெழுத்தும், கூடவே ஒரு குரல் மாதிரியும் வேண்டும்.

கையெழுத்தைப் பவளம் உடனே போட்டுவிட்டார். வாசிக்கவேண்டிய அறிவித்தல் இருந்த தாளைத்தான் தொடவில்லை.

"நான் ஏன் வாசிக்கிறதை விட்டனான் எண்டு உமக்குத் தெரியும்தானே? அப்ப எனக்குத் தந்தியளைப் பிரிச்சுத் தந்தவரே நீர்தான்."

தெரியாமல் என்ன? உயிரோடிருந்த ஒருவர் செத்துவிட்டதாக யாரோ விளையாட்டாகத் தந்தி அடித்தார்கள். அக்கா வாசித்தார். பொழுதுபடுமுன் அந்த மனிதர் செத்துப்போனார். மூன்று மாதம் கழித்து இன்னொருவர், கல்லுப்போல இருந்த ஆள், அதே மாதிரி. அதற்குப் பிறகு பவளம் அந்த நிலையத்துப் படியே ஏறவில்லை.

"அது காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை, அக்கா. நாங்கள் படிச்ச ஆக்கள்."

"இதில இருக்கிறவர் ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. நானாப் புனைஞ்ச பேர். மாதிரிக்குத்தானே!"

"உயிரோட இருக்கிறவையின்ர பேர் என்ர நாக்கில தடக்கும், தம்பி. அந்த ரெண்டு நாளும் தடக்கினது. வேலையாச்சே எண்டு வாசிச்சுப்போட்டன்."

"சத்தியமா அப்பிடி ஒரு ஆளே இல்லை, அக்கா."

சொல்லிவிட்டு விக்னராஜா தாளைப் பவளத்தின் பக்கம் தள்ளினார். பவளம் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளையும் ரேப் ரெக்கோடரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சமையலறையில் இருந்தவருக்குச் சொற்கள் கேட்கவில்லை. குரல் மட்டும் வந்தது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத அந்தப் பழைய குரல். பட்டப்பகலில் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. திடீரென்று குரல் நின்றது. எழுந்து போய்ப் பார்ப்போமா என்று அவர் கதிரையை நகர்த்தியபோது, குரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

கதவு திறந்தது.

"முடிஞ்சுது. ஒரு இடத்தில தடக்கினது. திருத்தி வாசிச்சிருக்கிறன்."

"அது பரவாயில்லை, அக்கா. போட்டு வாறன்."

"சரி, போம்."

போய்விட்டு வாரும் என்று பவளம் சொல்லவில்லை. களைப்பாக்கும் என்று விக்னராஜா நினைத்துக்கொண்டார்.

பகல் ஒரு மணிக்குக் கல்லூரியில் தன் அறைக்கு வந்து சேர்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தசாரதியின் தட்டச்சு கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"விக்னராஜா! சாப்பிட வர்றீங்களா? வீட்ல வேதவல்லி உங்களுக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டிக் குடுத்திருக்கா!"

"நீங்கள் சாப்பிடுங்கோ. எனக்குக் கொஞ்சம் வேலை கிடக்கு."

கதவைச் சாத்தினார். பொழுதுபட இன்னும் நிறைய நேரம் இருந்தது. அந்தத் தட்டச்சு எப்போது நிற்கும் என்று ஒரு காதைச் சுவருக்குக் கொடுத்தபடி பதிவை ஓடவிட்டார்.

"மரண அறிவித்தல்" என்று பவளத்தின் குரல் கணீரென்று வந்தது. "மெல்பேர்ணை வதிவிடமாகக் கொண்டவரும், கல்லூரி விரிவுரையாளருமாகிய..."

தாளில் 'திரு. பார்த்தசாரதி' என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்திருந்த அந்த இடத்தில், அக்கா கொஞ்சமும் தடக்காமல் வாசித்தார்:

"திரு. விக்னராஜா இன்று காலமானார்."