மாதங்கி போட்ட கூச்சல்

"பேய்ப் படத்துக்கு எதுக்குய்யா அவார்டு நடிகை? தலைய விரிச்சுப் போட்டுகினு நிக்கணும். அதுக்கு யாரா இருந்தா என்ன?"

தயாரிப்பாளர் பாலசுப்பிரமணியன் அப்படித்தான் கேட்டார். டைரக்டர் கௌதமன் விடவில்லை.

"பழைய படத்துல பேயைப் பாத்து ஜனங்க பயந்தாங்க சார். நம்ம படத்துல பேயைப் பாத்து அழணும். அது மாதங்கி மேடத்தால மட்டும்தான் முடியும்."

கௌதமனுக்கு இது முதல் படம். கதையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவன். மாதங்கி சரி சொன்ன மறுநாளே திருத்தணி மலையேறி மொட்டை போட்டுக்கொண்டான்.

ஷூட்டிங்குக்கு, கௌதமன் சொன்ன அந்தப் பழைய பேய்ப் படத்தை எடுத்த அதே பங்களாதான். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற வழியில், மாந்தோப்புக்குள் இருந்தது. படம் வந்த நாள் முதல் ஊருக்கு அது பேய் பங்களா. ஆடு மேய்க்கிறவர்கள்கூட உள்ளே போவதில்லை. சொந்தக்காரர் வெளிநாட்டில். சாவி காவல்காரி தபிதாளிடம்.

யூனிட் வந்து இறங்கியபோது ஐப்பசித் தூறல். பகலிலேயே உள்ளே லைட் போட வேண்டியிருந்தது. தபிதாள் அரண்டுபோய் நின்றாள்.

"ஓனரு இப்பதாங்க போன்ல சொன்னாரு. ஒரு நாள் முன்னாடி சொல்லக் கூடாதா?"

மாதங்கி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "கௌதம், கொஞ்ச நேரம் நான் மாடியில இருந்துட்டு வரேன். இந்த வீடு எனக்குப் பழகணும். யாரும் வர வேணாம்."

தபிதாள் குறுக்கே வந்தாள். "மேல வேணாம்மா. படி இத்துப்போயிருக்குது. ரூமெல்லாம் ஒழுகினு கெடக்குது."

"அப்ப நீங்க கூட வாங்க."

இருவரும் ஏறிப்போனார்கள். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு அந்த அலறல்.

லைட்மேன் ஒருவன் கையிலிருந்த ஸ்டாண்டைக் கீழே போட்டான். மாதங்கி தலைவிரிகோலமாகப் படியில் உருண்டு வந்தாள். முழங்கையில் ரத்தம்.

"இருக்கு... உள்ள இருக்கு... நான் பாத்தேன்!"

பின்னாலேயே தபிதாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி வந்தாள்.

அவ்வளவுதான். யூனிட் ஆட்கள் 'முருகா, முருகா' என்று வேனை நோக்கி ஓடினார்கள். கௌதமன் மட்டும் படியேறப் போனான்.

"மேடம், நான் போய்ப் பாக்கறேன். எலியோ பூனையோ..."

மாதங்கி அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "போகாதீங்க! நீங்க மேல போனா நான் இங்கயே செத்துடுவேன். இந்த வீட்ல படம் எடுக்க வேணாம்!"

"மேடம், எல்லாரும் பாக்கறாங்க. உங்கள நம்பித்தானே..."

"என்னை விட்டுடுங்க கௌதம்."

யூனிட் மொத்தமும் கிளம்பிப் போகும்வரை அவள் காரில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே இருந்தாள். அதன் பிறகுதான் அவள் கார் நகர்ந்தது.

யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பார்த்துவிட்டது.

"இதுக்குப் போயி அவார்டு குடுத்தானுங்க பாரு!" திருத்தணி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வாடகைக் கார் டிரைவர் துளசிங்கம் போனைக் காட்டிச் சிரித்தான். "சினிமாவுல புலியாட்டம் பேசிகினு இருந்துச்சு. நெஜத்துல பாரு, படியில உருளுது."

பாலசுப்பிரமணியன் படத்தையே மூட்டை கட்டினார். 'பயந்தாங்கொள்ளி' என்று பட்டம் கட்டியதில் மாதங்கிக்குப் பேசி வைத்திருந்த அடுத்த படமும் போயிற்று. ஊருக்குத் திரும்புமுன் கௌதமன் அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். 'என் வாழ்க்கையோட விளையாடிட்டீங்க மேடம்.'

அவள் படித்தாள்.

பங்களாவில் மழை விட்டபாடில்லை. தபிதாள் சோற்றுத் தட்டோடு மாடிக்குப் போனாள். ஒழுகாத ஒரு மூலையில் நீலவேணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பொதட்டூர்பேட்டைப் பெண். புருஷன் ஆசிட் ஊற்றியதில் முகத்தில் ஒரு பாதி வெந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பழக்கம்தான் தபிதாளுக்கு, வேறு உறவில்லை. ஜாமீனில் வந்தவன், அவள் சாட்சி சொல்லக் கூடாதென்று போட்டோவும் கையுமாகப் பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாகத் தேடிக்கொண்டிருந்தான். எவரும் எட்டிப் பார்க்காத இடம் இது ஒன்றுதான் என்று தபிதாள் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தாள்.

தட்டை நீலவேணி தொடவில்லை. யூனிட் வந்துபோன நாளிலிருந்தே அப்படித்தான்.

"இன்னா கண்ணு? எத்தினி நாளைக்கு இப்படி அரைவயிறும் கால்வயிறுமா?"

"யக்கா..." சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்தம்மா கதவத் தொறந்து என் மூஞ்சியப் பாத்தாங்க. கதவ சாத்தினாங்க. அப்புறம்தானே அப்படிக் கத்தினாங்க? பேயின்னு நெனைக்கற மாதிரியா ஆயிட்டேன் நானு?"

தபிதாள் தட்டைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அட பைத்தியமே! கதவ சாத்திகினு வந்து, 'யாருங்க இந்தப் பொண்ணு?'ன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் சொன்னேன். செத்த நேரம் அழுதுகினே நின்னாங்க. அப்புறம் கண்ணத் தொடச்சிகினு என்னாண்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க... 'நான் எவ்ளோ சத்தமா கத்தினா இவங்க அத்தினி பேரும் திரும்பி வராத மாதிரி ஓடுவாங்க?'ன்னு."