மரிகோ இழுத்த கூடை

கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றில் மரிகோ என்ற வயதான கழுதை இருந்தது. மாலை வெயிலில் அது கிணற்றடியில் நிற்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பூனை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"உன் எஜமான் ஸ்டமாட்டிஸ் இந்தக் கிணற்றைத் தோண்டியபோது நீயும் கூட இருந்தாயா அக்கா?" என்று ஒருநாள் பூனை கேட்டது.

"நான் மட்டும்தான் இருந்தேன்," என்றது மரிகோ. "அந்த வருஷம் மழையே இல்லை. ஊரே கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. அவர் மட்டும் மண்வெட்டியோடு இங்கே இறங்கினார். அவர் வெட்டுவார், நான் கயிற்றை இழுத்து மண்கூடையை மேலே கொண்டுவருவேன். போகிறவர்கள் எல்லாம் 'பீஸ்மா, பீஸ்மா' என்று சிரித்தார்கள்."

"மனிதர்கள் பேச்சு எனக்குப் புரியாது. அப்படியென்றால்?"

"பிடிவாதம். நாற்பதாம் நாள் கூடை ஈரமாக மேலே வந்தது. நான் கத்திய கத்தலில், கடைசிக் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள்கூட ஓடிவந்தார்கள். தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, 'எபிமோனி, எபிமோனி' என்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்."

"அதற்கு?"

"விடாமுயற்சி. முதல் நாளும் கடைசி நாளும் நாங்கள் செய்தது ஒரே வேலைதான்."

பூனை யோசித்தது. "அவர் எந்தச் சொல்லைச் சொன்னார்?"

மரிகோ கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டமாட்டிஸ் இறந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது.

"இரண்டையும் சொன்னதில்லை. விடிந்ததும் என் காதைத் தடவி, 'வாடி மரிகோ, இன்னும் ஒரு கூடை அள்ளிப் பார்ப்போம்' என்பார். அதைத்தான் இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருக்கிறது," என்றது கழுதை.